கோலி சோடா பாட்டிலில் ஒட்டிய பழைய பெயிண்ட்டை எடுப்பது எப்படி?

குடியாத்தத்தில் எங்கள் தாத்தா சோடா கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது மிஞ்சிய கோலி சோடா பாட்டில்கள் பரணுக்குப் போயின. ஒரு பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்கு அடித்த நீல எனாமல் மிச்சமாகிவிட, வீட்டில் யாரோ அதை எடுத்துப் பாட்டில்களுக்கும் அடித்து, வாயில் பிளாஸ்டிக் பூவைச் செருகி ஷோகேஸில் வைத்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் பதினொரு பாட்டில்களும் என் கைக்கு வந்தன. பெயிண்ட்டை எடுக்கிறேன் என்று இறங்கி, முதல் பாட்டிலை பிளேடால் சுரண்டினேன். கழுத்தடியில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது. இரண்டாவது பாட்டிலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். அடிப்பாகம் அப்படியே வட்டமாகக் கழன்று விழுந்தது. மீதி ஒன்பதையும் ஒரு கீறல்கூட இல்லாமல் எடுத்தேன். அதற்குக் கத்தியும் வேண்டியிருக்கவில்லை, ஆசிட்டும் வேண்டியிருக்கவில்லை. வாளி, சலவைச் சோடா, நாலு நாள் பொறுமை, இவ்வளவுதான்.

பழைய சாமான் கடையில் வாங்கியது, தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது, எந்தக் கண்ணாடி பாட்டிலாக இருந்தாலும் இதே முறைதான். முதல் தடவை செய்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எடுக்க வேண்டிய பெயிண்ட்தானா?

வாளியைத் தேடுவதற்கு முன்னால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய குளிர்பான பாட்டில்களில் கம்பெனி பெயரையும் படத்தையும் வண்ணத்தில் அச்சடித்து, சூளையில் வைத்துச் சுட்டிருப்பார்கள். அது கண்ணாடியோடு கண்ணாடியாக உருகிச் சேர்ந்தது. நகத்தால் தேய்த்தாலும் அசையாது, எதில் ஊறவைத்தாலும் போகாது, போகவும் கூடாது. அந்த அச்சு இருப்பதால்தான் அந்த பாட்டிலுக்கே மதிப்பு. பிரஷ் ஓடிய கோடு, வழிந்து உறைந்த சொட்டு, ஓரத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்த இடம், இவை தெரிந்தால்தான் அது பிற்பாடு யாரோ அடித்த பெயிண்ட்.

பக்கவாட்டில் வரி வரியாகப் புடைப்பு உள்ள அடர் நீல அல்லது பச்சை பாட்டில் கிடைத்தால் ஜாக்கிரதை. அந்தக் காலத்தில் விஷ மருந்துகளை அப்படிப்பட்ட பாட்டிலில்தான் விற்றார்கள். இருட்டில் கையால் தடவினாலும் விஷ பாட்டில் என்று தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த புடைப்பு அது. உள்ளே அடியில் ஏதாவது காய்ந்து ஒட்டியிருந்தால் முகர்ந்து பார்க்காதீர்கள். வெளிப்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, உள்ளே தொடாமல் வைத்துவிடுங்கள்.

ஈயத்தை நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்

பழைய எனாமல் பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் பாட்டிலில் இருக்கும் பெயிண்ட் அதற்கு முந்தையது என்றால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் பாட்டிலில் ஒட்டியிருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. காய்ந்த நிலையில் சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டாலோ தூசி பறக்கும். மூச்சிலும், கையிலிருந்து வாய்க்கும் போகும். அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள், வளரும் மூளையைத்தான் ஈயம் கெடுக்கும். ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது.

அதனால் என் வீட்டில் விதி ஒன்றுதான்: வேலை முடியும் வரை பெயிண்ட் ஈரமாகவே இருக்க வேண்டும். திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்துச் செய்யுங்கள். சமையல்கட்டு வேண்டாம். தடித்த ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய சட்டை போதும். அந்தச் சட்டையை மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க ஆசையாக இருக்கும், வேலை முடிந்த பிறகு காட்டுங்கள்.

என்ன பெயிண்ட் என்று கண்டுபிடிப்பது

பாட்டிலின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தில், காசு அளவுக்குச் சோதித்துப் பார்க்கலாம். ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் வையுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அது போஸ்டர் கலர் அல்லது டிஸ்டெம்பர், சோப்புத் தண்ணீரே போதும். வெள்ளையாக, மாவாக உதிர்ந்தால் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. வினிகரில் ஊறினாலே கரைந்துவிடும்.

இரண்டுக்கும் மசியவில்லையா? மெடிக்கல் ஷாப்பில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேயுங்கள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் என்றால் இளகி, சவ்வு மாதிரி இழுபடும். அதற்கும் அசையாவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவர், அதாவது அசிட்டோன் கலந்தது. ஒரு நிமிடத்தில் நிறம் பிசுபிசுவென்று கரைந்து வந்தால் ஸ்ப்ரே பெயிண்ட். அடுத்த பஞ்சுக்குப் போகும் முன் முந்தைய இடத்தைத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். எதற்கும் அசையவில்லை, மேலே பளபளப்பும் போகவில்லை என்றால் அது எண்ணெய் கலந்த எனாமல். நம் ஊர் வீடுகளில் கிடைக்கும் பாட்டில்களில் நான் அதிகம் பார்த்தது இதுதான்.

எனாமலை ஊறவைத்து எடுப்பது

மளிகைக் கடையில் சலவைச் சோடா என்று கேட்டு வாங்குங்கள். வேலூரில் லாங் பஜார் பக்கம் மொத்தமாகவே கிடைக்கும். ஆப்ப சோடா வேறு, அதை வாங்கி வந்தால் வேலை நடக்காது. எனாமலில் இருக்கும் எண்ணெயைச் சலவைச் சோடாவின் காரம் மெதுவாகச் சோப்பாக மாற்றிவிடும். பிடிப்புப் போனதும் பெயிண்ட் தானே கழன்றுகொள்ளும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கணக்கு. பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும்.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் விட்டு, பாட்டிலுக்குள்ளும் அதே தண்ணீரை நிரப்பி, படுக்கவைத்து மூழ்கடியுங்கள். உள்ளும் புறமும் ஒரே சூட்டில் இருந்தால் கண்ணாடி விரியாது. அந்தக் காலத்துப் பாட்டிலின் கண்ணாடி தடிமனாக இருப்பதால் சூட்டைத் தாங்கும் என்று நினைத்துத்தான் நான் ஒன்றை உடைத்தேன். உண்மையில் தடித்த கண்ணாடிதான் சீக்கிரம் உடையும், ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்தே இருப்பதால். பாட்டில் பத்து நிமிடம் ஊறிய பிறகு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சோடாவைக் கரைத்து, பாட்டில் மேல் படாமல் ஓரமாக ஊற்றுங்கள். மூடி, வெயிலில் வையுங்கள். கத்திரி வெயிலில் நம் மாடியில் வைத்த வாளி சாயங்காலம் வரை சூடாகவே இருக்கும், அடுப்பே வேண்டாம்.

மறுநாள் எடுத்துப் பாருங்கள். காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி பெயிண்ட்டின் மேல்தோல் சுருங்கியிருக்கும். கட்டைவிரலால் ஓரத்திலிருந்து தள்ளினால் அகலமாக உரிந்து வரும். என் பாட்டில்களில் நீலத்துக்கு அடியில் ஒரு பச்சை இருந்தது, இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. உரியாத இடத்தில் பலம் காட்டத் தோன்றும். நான் அப்படி நின்றபோது எங்கள் ஆயா, "அவசரப்படாத கண்ணு, இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும்" என்றார். அப்படியே விட்டேன், நாலாம் நாள் பச்சையும் வந்துவிட்டது. தண்ணீர் கலங்கிவிட்டால் மட்டும் சோடாவைப் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், காரத்தில் நெடுநாள் கிடந்தால் கண்ணாடியின் பளபளப்பு மங்கும்.

தேய்க்க பீர்க்கங்காய் நார் நல்லது. தட்டையான இடத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டு. மணல், சாம்பல், செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். மணல் கண்ணாடியைவிடக் கடினமானது, மயிரிழைக் கீறலாக விழுந்து பாட்டிலைப் பனி படர்ந்த மாதிரி ஆக்கிவிடும்.

புடைப்பெழுத்துகளின் இடுக்கில் தங்கும் பெயிண்ட்டுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சாய்வாகச் சீவிக்கொள்ளுங்கள். ஈரத்திலேயே ஒவ்வொரு எழுத்தாக ஓரம் பிடித்து இழுக்க வேண்டும். என் மூன்றாவது பாட்டிலில் அப்படித்தான் வேலூர் என்ற பெயர் ஆங்கில எழுத்தில், ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்தது. அது வரை அதில் எழுத்து இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கோலியும் ரப்பர் வளையமும்

கோலி சோடா பாட்டிலை வடிவமைத்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர், 1872-இல் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தில் இறுக்கி மூடும். அந்த வளையம் பழையதாகவே இருந்தால் அசிட்டோன், தின்னர், டர்பன்டைன் எதுவும் அதில் படக்கூடாது. ரப்பர் ஊதி, பிறகு விண்டுபோகும். வாய்ப்பக்கத்தில் பெயிண்ட் இருந்தால் சோடாத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவரைக் கட்டி ஒரு நாள் விடுங்கள். கழுத்தை இரண்டு விரலால் கிள்ளியது போல் இருக்கும் அந்தக் குழியில்தான் பெயிண்ட் கனமாகத் தேங்கியிருக்கும். அங்கே மட்டும் கூடுதலாக ஒரு நாள் ஆகும்.

உள்ளே அழுக்கு இருந்தால் ஒரு கைப்பிடி பச்சரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். மெதுவாக, கோலி மோதித் தெறிக்காமல். அந்த அரிசியைக் கோழிக்குப் போடாமல் குப்பையில் சேருங்கள்.

ஸ்ப்ரே பெயிண்ட் என்றால்

அசிட்டோனில் நனைத்த துணியைப் பாட்டிலில் சுற்றி, பிளாஸ்டிக் கவரால் மூடி, பத்து நிமிடம் கழித்து ஒரே பக்கமாகத் துடைத்தெடுங்கள். இதை மட்டும் வெயிலில் செய்யாதீர்கள். அசிட்டோன் சட்டென்று ஆவியாகும், ஆவி தொலைவில் இருக்கும் நெருப்பையும் பிடித்துக்கொள்ளும். காலை ஆறு மணி, திறந்த இடம், பக்கத்தில் அடுப்போ விளக்கோ சிகரெட்டோ இல்லாத இடம். துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் இரண்டு பொருளைக் கையில் கொடுக்கப் பார்ப்பார்கள். காஸ்டிக் சோடா வேகமாக வேலை செய்யும், ஆனால் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடியையும் அரிக்கும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவரை மூடிய அறையில் பயன்படுத்தியவர்கள் மயங்கி இறந்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். நெருப்பில் வாட்டுவதும் வேண்டாம், ஈயப் புகை வரும். பாத்ரூம் ஆசிட் பெயிண்ட்டை ஒன்றும் செய்யாது. அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அலசலும் கழிவும்

நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சோடாவோடு சேர்ந்தால் பாட்டில் மேல் வெள்ளையாகப் படியும். பெயிண்ட் மிச்சமோ என்று பயப்படாதீர்கள். ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணீரில் அலசினால் போய்விடும். கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர்.

உரித்த பெயிண்ட்டைச் செய்தித்தாளில் ஈரமாகவே அள்ளி, கவரில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் பெயிண்ட் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். வாளித் தண்ணீரை ஒரு நாள் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, கக்கூஸில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் வண்டலும் அதே கவருக்குத்தான். செடிக்கோ திறந்த கால்வாய்க்கோ வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் என்ன ஆயின என்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வாளித் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனாலும் அது போகிற மண் அதே மண்.

அலசிய பாட்டிலைத் துணி மேல் தலைகீழாக, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். கோலி வாயை அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளேயே நிற்கும், காலையும் மாலையும் ஒரு தடவை சாய்த்துக் கோலியை உருட்டிவிட வேண்டும். பார்க்க எவ்வளவு அழகாக வந்தாலும் அதில் மறுபடி சோடா நிரப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தாலே வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும்.