10 எம்பிபிஎஸ் லைன், 40 கம்ப்யூட்டர்

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் சாயங்காலம் நாலு மணிக்கு இ-வே பில் போடும் நேரம். நெட் மெதுவாகி இணையப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், வாசலில் லோடு லாரி நிற்கும். கணக்குப் பிரிவு அக்கா என் மேசைக்கே வந்துவிடுவார்.

உங்களுக்கும் இதே நிலை என்றால், முதலில் நெட்டை யார் அதிகம் இழுக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோருடைய நெட்டும் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி (நடுவில் நின்று கடத்தும் மென்பொருள்) வழியாகப் போகிறது. அதன் ஆக்சஸ் லாக்கில் (யார் எதைத் திறந்தார் என்ற பதிவு) மூன்றாவது நெடுவரிசை ஐபி, அதாவது கம்ப்யூட்டரின் முகவரி; ஐந்தாவது நெடுவரிசை பைட், அதாவது டேட்டாவின் அளவு. ஐபி வாரியாகக் கூட்டினால் ஆள் தெரிந்துவிடும். எங்களிடம் அது ஆளே இல்லை, விண்டோஸ் அப்டேட்!

ஒருமுறை இறக்கியதைச் சேமித்து மறுபடி தரும் கேஷ் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். இப்போது பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ். மறையாக்கம் செய்து போவதை ஸ்க்விட் சேமிக்க முடியாது. கைகொடுப்பது வேகத்துக்கு வரம்பு போடும் ஸ்க்விட் வசதியான டிலே பூல்தான். இரண்டாம் வகுப்பு பூல் எடுங்கள்: ஒரு வரம்பு மொத்தத்துக்கு, இன்னொன்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும். கணக்கு பைட்டில், பிட்டில் அல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 10 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12,50,000 பைட். நான் மொத்தத்துக்கு 9,00,000, ஆளுக்கு 60,000 என்று வைத்தேன். கணக்குப் பிரிவு ஐபிகளைப் பூலில் சேர்க்கவே இல்லை, மிச்சம் அவர்களுக்கு.

அப்புறம் ஃபயர்வாலில் இணையதளங்களுக்கான 80, 443 போர்ட் இரண்டையும் ப்ராக்ஸி தவிர மற்றவர்களுக்கு மூடுங்கள். டிசிபி மட்டுமல்ல, ப்ரௌசர்கள் பயன்படுத்தும் இன்னொரு வழியான யுடிபி 443-ஐயும் சேர்த்து. இல்லையென்றால் ப்ரௌசரில் ப்ராக்ஸியை எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மதியம் ஒன்று முதல் இரண்டு வரை வரம்பைத் தளர்த்திவிடுவேன். சாப்பிடும் நேரத்தில் பிள்ளைகள் வீடியோ பார்க்கட்டுமே.