மேக்ரோ நூலில் பிழை கண்டால் ஆசிரியருக்கு எழுதுவது எப்படி?

எக்செல் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் நிரல்) சொல்லித்தரும் நூலைப் பார்த்து நிரலைத் தட்டுகிறீர்கள். ஓட்டினால் பாதியில் ஒரு வரி மஞ்சளாகி நின்றுவிடுகிறது. "அத்தியாயம் 5 வேலை செய்யவில்லை" என்று எழுதி அனுப்பினால் ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கணினியில் அது ஓடியது, அதனால்தான் அச்சுக்கே போனது. உங்கள் மேசையில் வந்த பிழையை அவர் மேசையிலும் வரவைக்க வேண்டும். கடிதத்துக்கு வேறு வேலை இல்லை.

எழுதுமுன், குற்றம் நூலுடையதுதானா என்று பார்த்துவிடுங்கள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினீர்களா? அச்சுக்கோப்பில் நேர் மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். மேக்ரோ எழுதப்படும் மொழியான விபிஏவுக்கு அவை புரியாது. வரி முழுதும் சிவப்பாகும். படிப்பவருக்காக மட்டும் நிரலில் எழுதும் குறிப்புரையைத் தொடங்கும் ஒற்றை மேற்கோளும் இப்படி வளைந்துவிட்டால், குறிப்புரையே கட்டளையாகப் படிக்கப்பட்டுப் பிழை வரும். ஐயம் வந்தால் அந்த வரியை மட்டும் கையால் தட்டுங்கள்.

நூலோடு வரும் மாதிரிக் கோப்புகளை இறக்கினால், மேலே சிவப்புப் பட்டை காட்டி எக்செல் மேக்ரோவைத் தடுக்கலாம். இணையத்திலிருந்து வந்த கோப்புகளுக்கு 2022இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. ஜிப் கோப்பைப் பிரிக்கும் முன்பே, அதன் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' பெட்டியில் டிக் போடுங்கள்.

பிழை எண் 9, 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால், நிரல் கேட்கும் பெயரில் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் 2010 வரை புதிய கோப்பில் மூன்று தாள்கள் இருந்தன. 2013 முதல் ஒன்றுதான். அந்தக் கால நூல் 'ஷீட்2'வில் எழுதச் சொன்னால், இன்று அந்தத் தாள் இருக்காது. விண்டோஸ் கட்டளைகளை அழைக்கும் 'டிக்ளேர்' வரி சிவப்பானால், உங்களுடையது 64 பிட் ஆபீஸ். அதில் இந்த வரிக்கு 'பிடிஆர்சேஃப்' என்ற சொல் வேண்டும்; ஆபீஸ் 2010க்கு முந்தைய நூலில் அது இருக்காது. புதிய அவுட்லுக்கிலோ விபிஏவே கிடையாது. மின்னஞ்சல் அத்தியாயத்துக்குப் பழைய அவுட்லுக் வேண்டும். இவை நூல் மூப்படைந்ததால் வருபவை. அடுத்த பதிப்புக்கு உதவும் என்று சொல்லலாம், 'தவறு' என்று எழுதினால் நியாயமாகாது.

உண்மையான பிழைகள் வேறு மாதிரி இருக்கும். அவை பெரும்பாலும் சத்தமே போடாது. வெற்று வரிசைகளை நீக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். 2ஆம் வரிசையில் தொடங்கி மேலிருந்து கீழாக ஓடி, காலியாக இருப்பதை நீக்கிக்கொண்டே போகும்படி எழுதியிருந்தால் அது தவறு. 3ஆம் வரிசையை நீக்கியதும் கீழே இருந்த 4ஆம் வரிசை ஏறி 3 ஆகிவிடும்; வரிசைகளை எண்ணிக்கொண்டு போகும் மாறியோ 4க்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு காலி வரிசைகள் இருந்தால் ஒன்று தப்பிவிடும். ஆசிரியரின் மாதிரித் தரவில் காலி வரிசைகள் தனித்தனியாக இருந்திருக்கும், அவர் கண்ணில் பட்டிருக்காது. கடைசி வரிசையிலிருந்து மேல்நோக்கி, 'ஸ்டெப்' மதிப்பை மைனஸ் 1 ஆக வைத்து ஓட்டினால் சரியாகும்.

வரிசை எண்ணை வைக்கும் மாறியை 'இன்டிஜர்' என்ற முழு எண் வகையாக அறிவிப்பதும் இப்படித்தான். அதன் உச்சம் 32,767. எக்செல் தாளிலோ 10,48,576 வரிசைகள். நூலின் 50 வரிசை மாதிரியில் சிக்கல் தெரியாது, உங்கள் விற்பனைப் பதிவேட்டில் பிழை எண் 6 'ஓவர்ஃப்ளோ' வரும். 'லாங்' என்று மாற்ற வேண்டும்.

நம் ஊரில் அதிகம் படுத்துவது தேதி. சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) கையால் திறந்தால் எக்செல் விண்டோஸின் வட்டார அமைப்பைப் பின்பற்றும். நிரல் வழியே திறந்தால், வேறு சொல்லாதவரை அமெரிக்க முறைதான். 03/04/2023 ஏப்ரல் 3க்குப் பதில் மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2023இல் 25ஆம் மாதம் இல்லை என்பதால் அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதித் தேதிகள் தவறு, பாதி எழுத்து! கோப்பைத் திறக்கும் கட்டளையில் 'லோக்கல்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் தீரும். அமெரிக்காவில் இருக்கும் ஆசிரியருக்கு இது தானாகத் தெரியவே வாய்ப்பில்லை, ஆகவே கட்டாயம் எழுதுங்கள். விபிஏ எடிட்டரில் தமிழ் தட்டினால் கேள்விக்குறிகளாவதும் அதே வகை. உரையைக் கலத்தில் வைத்து அங்கிருந்து படிப்பது எளிய வழி. நிரலுக்குள்ளேயே வேண்டுமானால் எண்ணை எழுத்தாக்கும் 'சிஎச்ஆர்டபிள்யூ' செயற்கூறில் 2949 கொடுத்தால் 'அ' கிடைக்கும்.

இனி கடிதம். பதிப்பகத்தின் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். எந்த அச்சு என்பதும் முக்கியம்: பல ஆங்கில நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தில் ஓர் எண் வரிசை இருக்கும், அதில் மிகச் சிறிய எண்தான் அச்சின் எண். மின்னூலில் பக்க எண் திரைக்குத் திரை மாறும். அத்தியாயம், உட்தலைப்பு, நிரல் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். எக்செல் பதிப்பும் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஃபைல், அக்கவுண்ட், அபௌட் எக்செல் என்று போனால் தெரியும். இப்படி எழுதலாம்:

"2ஆம் பதிப்பு, 3ஆம் அச்சு, பக்கம் 112, நிரல் 6-4. எக்செல் 2021, 64 பிட், விண்டோஸ் 11. ஏ2இல் 10, ஏ3, ஏ4 காலி, ஏ5இல் 20 என வைத்து ஓட்டினேன். இரண்டு காலி வரிசைகளும் நீங்கும் என்று நூல் சொல்கிறது, ஒன்று மிஞ்சுகிறது. நீக்கிய பின் வரிசைகள் மேலேறுவதே காரணம் என நினைக்கிறேன். கீழிருந்து மேலாக ஓட்டியபோது சரியாக வந்தது."

நான்கு வரிசைத் தரவு போதும், அதைவிடச் சிறிதாக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு கடிதத்தில் ஒரு பிழை. ஆறு கண்டால் எண்ணிட்டுப் பிரியுங்கள். 'எழுத்துப்பிழை' வேறு, 'தவறான விடை தரும் நிரல்' வேறு என்று தலையிலேயே குறியுங்கள். பிழைச் செய்தியின் எண்ணையும் மஞ்சளான வரியையும் எழுத்தாகவே கொடுங்கள். திரையைக் கைபேசியில் எடுத்த படத்திலிருந்து நிரலைப் பிழையில்லாமல் நகலெடுப்பது சிரமம். அலுவலகக் கோப்பை அப்படியே அனுப்பக் கூடாது. சம்பளப் பட்டியல் உள்ள தாளை மறைத்து அனுப்பினாலும், பெறுபவர் 'அன்ஹைட்' கொடுத்தால் தெரிந்துவிடும். புதிய கோப்பில் பொய்த் தரவு போட்டுப் பிழையை மறுபடி வரவைத்து, எடிட்டரில் நிரல் இருக்கும் மாட்யூலின் மேல் வலது சொடுக்கி 'எக்ஸ்போர்ட் ஃபைல்' கொடுங்கள். கிடைப்பது வெறும் எழுத்துக் கோப்பு. அதை நோட்பேடில் திறந்து, நிரலைக் கடிதத்தின் உடலிலேயே ஒட்டிவிட்டால், மேக்ரோ இணைப்பைத் தடுக்கும் மின்னஞ்சல் வடிகட்டிகளிலும் மாட்டாது.