இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கும்போது நாம் விடும் பிழைகள்

வன்னிப் பாடசாலைகளில் இணையப் பாதுகாப்பு வகுப்பு என்றால் பெரும்பாலும் தடைகளின் பட்டியல்தான். பேஸ்புக் பாவிக்காதே, தெரியாத ஆளோடு கதைக்காதே, படம் அனுப்பாதே. பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிறகு ஒருநாள் யாரோ ஒரு படத்தை வைத்து மிரட்டும்போது, அந்தப் பட்டியலே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. செய்யாதே என்றதைச் செய்தாயிற்று, இனி எந்த முகத்தோடு ரீச்சரிடம் சொல்வது? மற்ற எல்லாப் பிழைகளையும் விடப் பெரியது இதுதான் என்பேன்.

அடுத்தது, பிரச்சினை என்று வந்த உடனே போனைப் பறிப்பது. 2020, 2021 கொரோனாக் காலத்தில் பாடமே வட்ஸ்அப்பில்தான் வந்தது. இன்றும் ரியூசன் குறிப்பும் கடந்தகால வினாத்தாளும் அம்மாவின் போனில்தான் இருக்கின்றன. சொன்னால் போன் போய்விடும், பெண் பிள்ளையென்றால் படிப்பே நின்றுவிடும் என்ற பயம் மிரட்டுபவனுக்குத்தான் உதவும். "என்ன நடந்திருந்தாலும் வந்து சொல்லு, ஏச மாட்டோம்" என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள், சொன்னபடி நடவுங்கள். மிரட்டல் வந்தால் காசு கொடுக்கவோ இன்னொரு படம் அனுப்பவோ கூடாது. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் அந்த ஆளைத் தடை செய்யலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச இணையச் சேவை உண்டு. படம் நம் போனை விட்டு வெளியே போகாது, அந்தப் படத்திலிருந்து போனிலேயே உருவாகும் அடையாளக் குறி மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், ரிக்ரொக் போன்ற தளங்களுக்குப் போகும். அந்தக் குறியை வைத்து அவை படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

"தெரியாத ஆளோடு கதைக்காதே" என்ற அறிவுரை மட்டும் இங்கே உதவாது. "நான் உன்ர அப்பாவின்ர சித்தப்பா மகன், கனடாவில இருக்கிறன்" என்று ஒருவர் எழுதினால் பிள்ளை என்ன செய்யும்? போரும் இடப்பெயர்வும் சிதறடித்த குடும்பங்கள் உண்மையாகவே இப்படித் தேடிக் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆகவே பதில் ஒன்றைப் பழக்குங்கள்: "அம்மம்மாவைக் கேட்டிட்டுச் சொல்லுறன்." சொந்தக்காரர் என்றால் அம்மம்மாவோடும் கதைக்க ஆசைப்படுவார். வீட்டில் சொல்லாதே என்கிறவரோடு கதையை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

பெரியவர்கள் செய்யும் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சைக்கிளோ புத்தகப்பையோ கொடுக்கும்போது பிள்ளையைப் படம் எடுத்து, பெயர், பாடசாலை, தரம், "தந்தையை இழந்தவர்" என்று எல்லாம் எழுதிப் பேஸ்புக்கில் போடுகிறோம். கொடுப்பவரின் மனம் நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை உயர்தரம் படிக்கும்போதும் படம் அங்கேயே இருக்கும், கூடப் படிப்பவர்களும் பார்ப்பார்கள். பிள்ளையை நெருங்க நினைக்கும் கெட்டவனுக்கு வேண்டிய விபரம் முழுவதும் அதில் இருக்கிறது. இதைச் செய்துகொண்டே, கேட்காமல் மற்றவரின் படத்தைப் போடாதே என்று வகுப்பில் சொன்னால் யார் கேட்பார்கள்? உதவியவருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பற்றுச்சீட்டும் அதிபரின் கடிதமும் போதும். படம் கட்டாயம் என்றால் முகம் தெரியாமல் எடுங்கள். அதற்கும் பிள்ளையிடமும் பாதுகாவலரிடமும் முதலில் கேளுங்கள்.

வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லாருக்கும் தெரியும். பல வீடுகளில் அது அம்மாவின் அல்லது அக்காவின் இலக்கம். குழுவை நடத்துபவர்கள் மட்டும் செய்தி போடும்படி மாற்றிவிடுவது நல்லது. புள்ளிப் பட்டியலை அதில் போட வேண்டாம், ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். சக மாணவரின் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்தவரை மட்டும் கண்டித்தால் போதாது, அதை மற்றவர்களுக்கு அனுப்பியவர்களிடமும் கதைக்க வேண்டும்.

போன் பெற்றாருடையது என்பதால் பிள்ளைக்கு மட்டும் பாடம் நடத்திப் பலனில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய்மார் காலைக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். எல்லாரும் போனைக் கையில் எடுக்கட்டும். வட்ஸ்அப்பில் சுயவிபரப் படத்தை யார் பார்க்கலாம், குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற அமைப்புகளை அங்கேயே மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பையும் (நாமே வைக்கும் இரகசிய இலக்கம்) போட்டுக்கொடுங்கள். வட்ஸ்அப்பைப் பதிவதற்குக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், ஆசிரியர் என்று சொல்லிக் கேட்டாலும், கொடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.