22/7 போட்டிருக்கும் வேஷம்: எண் வகைகளில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எட்டு எண்களைக் கொடுத்து எது எந்த வகை என்று பிரிக்கச் சொல்லியிருந்தார்கள்: –7, 0, 6/3, √16, √5, 22/7, 3.14, 0.333... அவள் கணக்குப்படி √16, √5 இரண்டும் விகிதமுறா எண்கள் (இரண்டு முழுக்களின் பின்னமாக எழுத முடியாதவை; எழுத முடிந்தால் விகிதமுறு எண்), 22/7, 3.14 இரண்டும் அதே பட்டியலில், 6/3 பின்னம் என்பதால் முழு எண் கிடையாது. பாவம், 0 எங்கேயும் இடம் கிடைக்காமல் ஓரத்தில் கேள்விக்குறியோடு நின்றது.

திட்ட மனசு வரவில்லை. இதே தவறுகளை நானும் செய்திருக்கிறேன், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெரியவர்களும் செய்கிறார்கள். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: எண்ணைப் பார்க்காமல் அது போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறோம். வேர்க்குறி இருந்தால் விகிதமுறா எண், கோடு போட்டு மேலும் கீழும் எழுதியிருந்தால் பின்னம், புள்ளி இருந்தால் தசமம். 6/3 என்பது 2, √16 என்பது 4. வேஷம் எதுவானாலும் ஆள் அதேதான். அதனால் வகை சொல்லும் முன் சுருக்கிப் பாருங்கள், முதல் வேலை அது.

சரி, 22/7-க்கு வருவோம், அதிகம் பேர் விழுகிற பள்ளம் இது. "மாமா, பை விகிதமுறா எண்ணுன்னு மிஸ் சொன்னாங்க. பைன்னா 22/7 தானே?" என்று கேட்டாள். பை என்பது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது. கேள்வி நியாயமானதுதான், ஏனென்றால் வட்டத்தின் பரப்பளவு கண்டுபிடிக்கும் ஒவ்வொரு கணக்கிலும் "பை = 22/7 எனக் கொள்க" என்று போட்டிருக்கிறது, அந்த 'எனக் கொள்க'வை யாரும் படிப்பதில்லை. நான் பேசாமல் பென்சிலைக் கொடுத்து வகுக்கச் சொன்னேன். 22-ஐ ஏழால் வகுத்தால் 3, மீதி 1. அப்புறம் பூஜ்யம் சேர்த்து வகுத்துக்கொண்டே போனால் மீதி 3, 2, 6, 4, 5 என்று வந்து, திரும்பவும் 1. அந்த இடத்தில் அவளே நிறுத்திவிட்டாள். "இனிமே முதல்ல இருந்து அதே வரும்ல?" வரும், வராமல் வேறு வழியே இல்லை. ஏழால் வகுக்கும்போது பூஜ்யத்தை விட்டால் மீதி ஆறே ஆறுதான் இருக்க முடியும், ஏழாவது தடவை பழைய மீதி ஒன்று வந்தே தீர வேண்டும். ஆக 22/7 என்பது 3.142857142857..., ஒரே தொகுதி திரும்பத் திரும்ப வரும் சுழல் தசமம், சுத்தமான விகிதமுறு எண். பை அது இல்லை. 3.14159265... என்று சுழலாமல், முடியாமல் போகிற எண் அது. 3.14-உம் பை கிடையாது, 314/100 அவ்வளவுதான்.

ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் 20,000 விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்று சொன்னபோதே 'ஆசன்ன', அதாவது 'கிட்டத்தட்ட', என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னார். கணக்குப் போட்டால் 3.1416 வரும். பை விகிதமுறா எண் என்று கணித அறிஞர் லாம்பெர்ட் நிரூபித்தது 1760-களில்தான்.

சுழல் தசமத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 0.1010010001... என்ற எண்ணைப் பார்த்ததும் "ஒழுங்கா ஒரு வரிசையில வருதே, அப்ப விகிதமுறு எண்" என்பார்கள். ஒழுங்கு இருப்பது வேறு, சுழல்வது வேறு. இங்கே பூஜ்யங்கள் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகின்றன, ஒரே தொகுதி திரும்பத் திரும்ப வருவதில்லை. அதனால் விகிதமுறா எண்.

முடிவுறு தசமமா என்று பார்க்க ஒரு விதி உண்டு: பகுதியின் (கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணின்) பகாக் காரணிகள், அதாவது தன்னாலும் 1-ஆலும் மட்டும் வகுபடும் காரணிகள், 2, 5 மட்டும் என்றால் முடியும். நம் பழைய பின்னங்களில் மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) எல்லாம் இந்த ரகம். முந்திரி என்பது 0.003125, அத்தோடு முடிந்தது. ஆனால் விதியைச் சுருக்காமல் பயன்படுத்தக் கூடாது. 6/15-இல் பகுதியில் 3 இருக்கிறதே என்று 'முடிவுறாது' என எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். சுருக்கினால் 2/5, அதாவது 0.4.

வேர்க்குறி விஷயத்தில் மூன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். √2 என்பது 1.414 இல்லை, 1.414-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 1.999396தான் வரும். √9 என்றால் 3 மட்டும், ±3 கிடையாது. எந்த எண்ணின் வர்க்கம் 9 என்று கேட்டால்தான் இரண்டு விடை. அப்புறம் இரண்டு வேர்களைக் கூட்டி ஒரே வேர்க்குறிக்குள் தள்ளுவது. √9 + √16 எவ்வளவு? 7. √25? 5. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, இதில் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் 1, 2, 3... இயல் எண்கள், 0 சேர்ந்தால் முழு எண்கள், குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். 'முழு எண்கள்', 'முழுக்கள்' என்று இரண்டு வகைக்கு இப்படி ஒட்டிப்பிறந்த பெயர்களை வைத்தது யாரோ, அவர்களுக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகள் மேல் ஏதோ கோபம். இலங்கைப் பாடநூல்களில் முழுக்களை நிறைவெண்கள் என்பார்கள், பகா எண்ணை முதன்மை எண் என்பார்கள், ஆகவே யூடியூபில் கணக்குப் பார்க்கும்போது எந்த ஊர்ப் பாடம் என்று கவனியுங்கள். சில உயர்கல்விப் புத்தகங்களில் இயல் எண்களே 0-இல் இருந்து தொடங்கும். உங்கள் புத்தகம் என்ன வரையறை தருகிறதோ அதன்படி எழுதுங்கள்.

இந்த வகைகள் தனித்தனிப் பெட்டிகள் இல்லை என்பதும் முக்கியம். 5 இயல் எண் என்பதால் விகிதமுறு எண் இல்லை என்று எழுதுவது, மேலூர்க்காரர் மதுரை மாவட்டத்துக்காரர் இல்லை என்பது மாதிரி. 5 இயல் எண், முழு எண், முழு, விகிதமுறு எண், மெய்யெண் (விகிதமுறு, விகிதமுறா இரண்டும் சேர்ந்தது), எல்லாமும்தான். 0-வும் 0/1 என்று எழுத முடிவதால் விகிதமுறு எண். அது பகுதியில் வந்தால்தான் வம்பு: 0/5 என்றால் 0, ஆனால் 5/0-க்கு விடையே கிடையாது.

0 இரட்டைப்படையா என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரட்டைப்படைதான், இரண்டால் மீதியின்றி வகுபடுகிறது. 2016 ஜனவரியில் டெல்லியில் ஒற்றை–இரட்டை முறையில் கார் ஓட்டச் சொன்னபோது 0-இல் முடியும் வண்டி இரட்டைப்படை நாளில்தான் ஓடியது.

1-ஐப் பகா எண் என்று எழுதுவது ரொம்பப் பழைய தவறு. தவறு என்றுகூடச் சொல்ல முடியாது, 1742-இல் கணித அறிஞர் கோல்ட்பாக் இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலேயே 1-ஐப் பகா எண்ணாகத்தான் வைத்திருந்தார். பிற்பாடு விலக்கியதற்குக் காரணம் உண்டு. 12-ஐப் பகா எண்களின் பெருக்கலாக எழுதினால் 2 × 2 × 3 என்று ஒரே வழிதான். 1-ஐ உள்ளே விட்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவே இல்லாமல் போகும். 1 பகுவும் இல்லை, பகாவும் இல்லை. இன்னொரு பக்கம், 51, 57, 91 மூன்றும் பார்க்க அசல் பகா எண் மாதிரியே நிற்கும். 3 × 17, 3 × 19, 7 × 13. தேர்வில் இந்த மூன்றில் ஒன்றாவது வரும்.

குறை எண்களில் "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற மந்திரம்தான் வில்லன். –3 – 4 என்றால் உடனே 7 என்று எழுதுகிறார்கள். அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும். மூன்று ரூபாய் கடன், மேலே நாலு ரூபாய் கடன், கையில் ஏழு ரூபாய் எப்படி வரும்? –7தான். –3² என்பதும் –9, ஏனென்றால் வர்க்கம் 3-க்கு மட்டும். (–3)² என்று அடைப்புக்குள் போட்டால்தான் 9.

தசமத்தில் 0.45-ஐ 0.5-விடப் பெரியது என்பார்கள், 45 பெரிசாச்சே என்று. இதற்குக் கிரிக்கெட்டும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். 4.3 ஓவர் என்றால் நாலரை ஓவர், ஏனென்றால் ஆறு பந்தில் மூன்று. 4.3 ஓவரும் 3.4 ஓவரும் சேர்ந்தால் 8.1 ஓவர், 7.7 இல்லை. உயரத்தை 5.10 அடி என்று எழுதுவதும் அப்படித்தான், ஐந்தடி பத்தங்குலத்தைச் சொல்ல வந்து தசமக் கணக்கில் ஐந்தடி 1.2 அங்குலத்துக்குக் குறுகிவிடுகிறோம். அந்தப் புள்ளி தசமப் புள்ளியே இல்லை, பிரிக்க வைத்த புள்ளி.

எல்லாம் சொல்லி முடித்துக் காபி குடிக்கும்போது அவள், "மாமா, √0.9 விகிதமுறு எண்ணா?" என்றாள். "0.3 தானே, ஆமா" என்று வாயை விட்டேன். அவள் நோட்டின் ஓரத்தில் 0.3 × 0.3 = 0.09 என்று எழுதி, எதுவும் பேசாமல் என் பக்கம் திருப்பி வைத்தாள்.