இயர்போன், ஸ்பீக்கர், சார்ஜர்: கடலூர், புதுச்சேரிக் கடைகளில் முதல்முறை வாங்குகிறவர்களுக்குப் படிப்படியாக

என் தாய்மாமா கடலூர் முதுநகரில் வலை பின்னுகிறவர். ஒருநாள் கூப்பிட்டு, “டேய், வேல செய்யும்போது காதுல மாட்டிக்கிட்டு ரேடியோ கேக்குறாப்புல ஒண்ணு வாங்கியாடா” என்றார். நான் புதுச்சேரி நேரு வீதிக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, 1,500 ரூபாய்க்கு ஒயர் இல்லாத பட்ஸ் வாங்கி வந்தேன். அவர் போனில் எஃப்.எம். செயலியைத் திறந்தால், ‘ஹெட்செட்டைச் செருகவும்’ என்று காட்டிவிட்டு அப்படியே நின்றது. போனில் இருக்கும் எஃப்.எம். ரேடியோவுக்கு இயர்போன் ஒயர்தான் ஏரியல். ஒயர் இல்லாவிட்டால் அலையைப் பிடிக்க ஆளில்லை. மறுநாள் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் 250 ரூபாய்க்கு ஒரு ஒயர் இயர்போன் வாங்கிச் செருகினேன். புதுச்சேரி வானொலி கணீரென்று கேட்டது.

அதற்குப் பிறகு, சொந்தத்தில் யாருக்கு இந்த மாதிரிப் பொருள் வேண்டுமென்றாலும் நானே கூடப் போய்விடுகிறேன். கடைகளில் நின்று கற்றுக்கொண்டதை, இதுவரை ஒன்றுமே வாங்கிப் பழகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: யாருக்கு, எதற்கு?

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். ரேடியோ கேட்க என்றால் ஒயர். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு என்றாலும் ஒயர்தான் என் தேர்வு. சார்ஜ் தீர்ந்து பாதி வகுப்பில் நிற்காது. பைக்கிலும் பஸ்ஸிலும் அலைந்துகொண்டே போன் பேசுகிறவருக்கு நெக்பேண்ட் நல்லது, காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் தொங்கும். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒற்றை பட்ஸைத் தொலைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கத்தான் என்றால், காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் காதைச் சுற்றி வேர்த்துவிடும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 2: போனின் ஓட்டையைப் பாருங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பழைய வட்டமான 3.5 மில்லிமீட்டர் ஓட்டை உங்கள் போனில் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால், டைப் சி பின் வைத்த இயர்போன் வாங்கலாம். அல்லது பழைய இயர்போனையே ஒரு குட்டி மாற்றி (கன்வெர்ட்டர்) போட்டு மாட்டலாம். கடைக்காரர் 80 ரூபாய்க்கும் ஒரு மாற்றி காட்டுவார், 600 ரூபாய்க்கும் காட்டுவார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

உள்ளே இருப்பது வேறு. சில போன்கள் டைப் சி ஓட்டை வழியாகப் பாட்டை நேராகக் காதுக்கு ஏற்ற ஒலியாகவே அனுப்பும். அவற்றுக்கு 80 ரூபாய் மாற்றி போதும், அது வெறும் ஒயர் இணைப்புதான். பல போன்கள் எண்களாக மட்டுமே அனுப்பும்; அந்த எண்களை ஒலியாக மாற்ற மாற்றிக்குள் ஒரு சில்லு இருக்க வேண்டும். அதை ‘டேக்’ என்பார்கள், விலை கூடுவது அதனால்தான். 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் ஐபோன்களிலும் டைப் சி ஓட்டைதான். அவற்றுக்கு டேக் உள்ளதுதான் வேண்டும். விலை குறைந்ததைச் செருகினால் பின் கச்சிதமாகப் பொருந்தும், சத்தம் மட்டும் வராது. அதனால், யாருக்கு வாங்குகிறீர்களோ அவருடைய போனையே கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே செருகி ஒரு பாட்டு ஓடட்டும், ஒரு போன் காலும் பேசிவிடுங்கள்.

வட்டப் பின்னில் இன்னொன்று. பளபளக்கும் உலோகத்தின் நடுவே கறுப்பு வளையங்கள் தெரியும். மூன்று வளையம் இருந்தால் மைக் உண்டு, இரண்டு இருந்தால் கேட்க மட்டும். பழைய கம்ப்யூட்டரில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால், மூன்று வளைய இயர்போனில் சத்தம் கேட்கும், நீங்கள் பேசுவது எதிர்ப்பக்கம் போகாது. அதற்கு இரண்டாகப் பிரியும் ஒயர் ஒன்று தனியாக விற்கிறது.

படி 3: கடலூரிலா, புதுச்சேரியிலா?

‘பாண்டியில வாங்குனா சீப்பு’ என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இரண்டு பக்கமும் விற்பனை வரி வேறாக இருந்ததால், டிவி, ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றுக்கும் பஸ் ஏறினார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான், இயர்போனுக்கு 18%. இப்போது விலை வித்தியாசம் வந்தால் அது கடைக்காரர் விட்டுத்தரும் லாபத்தைப் பொறுத்தது. கடலூரில் இருப்பவர் லாரன்ஸ் ரோட்டிலேயே வாங்கினால், பழுது என்று வந்தால் திரும்பிப் போக வசதி. நிறைய மாடல்களைக் காதில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரி போவது சரி.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையைப் பற்றியும் கேட்பீர்கள். போன் கவர், ஸ்டாண்ட், ஒயர் சுற்றும் கிளிப், ஹெட்போன் பை இதெல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம், பேரம் பேசவும் முடியும். கரண்ட் ஓடுகிற எதையும் நான் அங்கே வாங்குவதில்லை. சார்ஜரோ பவர் பேங்கோ வீடு வந்தபின் சூடேறினால், எந்தத் துணி விரிப்பில் வாங்கினோம் என்று அடுத்த ஞாயிறு தேட முடியாது.

படி 4: காதில் போட்டுக் கேளுங்கள்

எல்லாப் படியிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். “அண்ணா, டெமோ பீஸ் இருக்கா?” என்று தயங்காமல் கேளுங்கள். உட்காதில் நுழையும் வகைக்குச் சில கடைகளில் டெமோ இருக்காது, சுத்தம் கருதி மறுப்பார்கள், அது நியாயமும்கூட. அப்போது அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கி, துடைத்துக் கேட்டுப் பாருங்கள்.

எதைக் கேட்பது? கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். பேஸ் அதிரும் பாட்டாகப் பார்த்துத்தான் போடுவார், அதில் எல்லா ஹெட்செட்டும் நன்றாகவே கேட்கும். நான் முதலில் கேட்பது என் அம்மா வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவு. அம்மா குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூக்கடைத்தது போலவோ தகரத்தில் தட்டியது போலவோ கேட்டால், அந்த ஹெட்செட் குரல் வரும் நடு ஒலியைக் கெடுக்கிறது என்று அர்த்தம். பாட்டில் பாடகர் குரலுக்கும் அதே கதிதான்.

அடுத்து, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பதிவு ஒன்று. தவிலின் வலந்தலையில் விழும் விரல் அடி ‘டண்’ணென்று தனியாகவும், இடப்பக்கத் தொப்பியில் கோல் விழும் அடி ‘தொம்’மென்று தனியாகவும் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே குழம்பாக வந்தால் அந்த பேஸ் வெறும் இரைச்சல். அப்படியே நாதஸ்வரம் உச்சிக்குப் போகும் இடத்தில் காது கூசுகிறதா என்று கவனியுங்கள். கூசினால் பத்து நிமிடத்துக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு இருக்க முடியாது.

இடது வலது பிரிகிறதா என்று பார்க்கக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு உதவாது. அவை பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை, இரண்டு காதிலும் ஒன்றேதான் கேட்கும். பட்ஸ் பழுதென்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் புதிய பாட்டு போடுங்கள்.

ஒரு பொருளைத் தள்ளும் முன் ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு இருக்கும். காது ஓட்டை சரியாக அடைபடாவிட்டால் பேஸ் முழுதும் வெளியே கசிந்துவிடும். என் தங்கை ஒரு பட்ஸைச் ‘சத்தமே சப்புனு இருக்கு’ என்று வைத்துவிட்டாள். பெரிய முனை போட்டதும் அதையேதான் வாங்கினாள். சிலருக்கு இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு ஒரு அளவு பொருந்தும்.

கடைசியாக மைக். ஏசிக்குள் நின்று பேசினால் எல்லாம் தெளிவாகத்தான் போகும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, ஹாரன் சத்தத்துக்கு நடுவே வீட்டுக்குப் போன் போடுங்கள். “நான் பேசறது கேக்குதா, வண்டி சத்தம் கேக்குதா?” என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

படி 5: பெட்டி மேல் இருப்பதில் எதைப் பார்ப்பது?

‘40 மணி நேரம்’ என்று பெரிதாக இருந்தால், அது பட்ஸை வைக்கும் டப்பாவில் திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டுக் கிடைக்கும் மொத்தக் கணக்கு. ஒருமுறை காதில் மாட்டினால் எத்தனை மணி நேரம் என்பதைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். எல்டேக் (ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் முறை) என்று போட்டு விலை கூட்டியிருந்தால், ஐபோனில் அது வேலை செய்யாது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இரண்டும் நல்ல தண்ணீரை வைத்துச் செய்யும் சோதனை. கடலூர் சில்வர் பீச் உப்புத் தண்ணீருக்குப் பொருந்தாது.

ஸ்பீக்கர் பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ. 2000 வாட்’ என்று இருந்தால், அது கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண். அதை விட்டுவிட்டு, தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்டைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கரைத் திருப்பி, பின்னால் அடாப்டர் அளவைப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 24 வாட். பேட்டரி இல்லாமல் அந்த அடாப்டரை மட்டும் நம்பி ஓடும் பெட்டி, 24 வாட்டை வாங்கிக்கொண்டு 2000 வாட்டைத் தொடர்ந்து வெளியே தர வழியே இல்லை.

படி 6: சார்ஜர், கேபிள், பவர் பேங்க்

சார்ஜரிலும் பவர் பேங்கிலும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்க வேண்டும், அதன் கீழே ஆர்- என்று தொடங்கும் 8 இலக்க எண் இருக்கும். போனில் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, கடையிலேயே அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வரும். சார்ஜர் எண்ணைப் போட்டால் எல்.இ.டி. பல்பு என்று வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டைப் சி கேபிளில் சாதாரண வகை 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை. லேப்டாப்புக்கு 100 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று எழுதியதைக் கேளுங்கள். சில மலிவுக் கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், போட்டோ மாற்ற முடியாது.

பவர் பேங்க் நம் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு அவசியம் என்றே சொல்வேன். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபின் கரண்டுக்காக நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு அது புரியும். 10,000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போதும் சூடாகும்போதும் குறைந்து, போனுக்கு வந்து சேர்வது சுமார் 6,000. நல்ல கம்பெனிகள் இந்த இரண்டாவது எண்ணையும் பின்னால் அச்சிடும். அது அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை முழுதாக ஏற்றி வைத்துவிடுங்கள்.

படி 7: பில்

“பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனியா வரும் தம்பி” என்று சொன்னால் பெட்டியைத் திருப்பி எம்.ஆர்.பி.யைக் காட்டுங்கள். எல்லா வரியும் சேர்ந்த விலை அது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. பில்லில் கடையின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள்: கடலூர்க் கடை என்றால் 33-ல் தொடங்கும், புதுச்சேரிக் கடை என்றால் 34-ல். பொருளின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அந்த வழவழ காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால் அங்கேயே ஒரு போட்டோ. சர்வீஸ் சென்டர் எங்கே என்றும் கேளுங்கள். சென்னைதான் என்றால் போய்வரும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

வாரண்டி இருந்தும் கடையும் கம்பெனியும் கைவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

படி 8: வீட்டுக்கு வந்தபின்

பெட்டியைப் பிரிக்கும்போது யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் நன்றாகப் பயன்படுத்திப் பாருங்கள். கோளாறு இருந்தால் மாற்றித் தரும் நாட்களுக்குள் தெரியட்டும். சத்தத்தை மட்டும் அடக்கி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது, சத்தம் ஏற ஏற நேரம் குறையும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு.

நம் கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். பட்ஸிலும் டப்பாவுக்குள்ளும் இருக்கும் பொன்னிறப் புள்ளிகளில் வேர்வையும் உப்பும் சேர்ந்து பச்சை பூத்துவிடும். வாரம் ஒருமுறை காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வேர்வையோடு டப்பாவில் போடாதீர்கள்.

ஒரு பக்கம் சத்தம் நின்றுவிட்டால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பட்ஸின் வாய்ப்பகுதி வலையில் காதழுக்கு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த பல் துலக்கும் பிரஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டுங்கள். அந்தப் பொன்னிறப் புள்ளிகளைத் துடைத்து, இரண்டையும் டப்பாவில் வைத்து அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றுங்கள். போனில் ப்ளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். என்னிடம் ‘போச்சு’ என்று வந்ததில் பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிட்டது. ஆகவில்லை என்றால் பில், பெட்டி, ரப்பர் முனைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கூட்டம் சேராத காலை 11 மணிக்குக் கடைக்குப் போங்கள்.