சுவாசப் பாடத்தைச் செல்லில் தொடங்கி மூக்கில் முடிப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவரிடம் “சுவாசம் என்றால் என்ன?” என்று கேட்டால், “ஆக்சிஜனை உள்ளே இழுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுவது” என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். அது மூச்சுவிடுதலைப் பற்றிய விடை. மூச்சுவிடுதல் என்பது தசைகள் காற்றை நகர்த்தும் வேலை. வாயுப் பரிமாற்றம் என்பது மெல்லிய ஈரச் சவ்வொன்றின் வழியாக வாயுக்கள் பரவல் முறையில் இடம் மாறுவது. செல் சுவாசம் என்பது உணவிலுள்ள ஆற்றலைச் செல் பயன்படுத்தக்கூடிய ஏ.டி.பி.யாக மாற்றும் வேதிவினைத் தொடர். பாடநூற் படங்கள் மூக்கில் தொடங்கி மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் நின்றுவிடுகின்றன. மாணவரின் புரிதலும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே, கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் செல்லுக்கு ஆக்சிஜன் எதற்கு என்பதை நிலைநாட்டுங்கள். பிறகு அது செல்லை எப்படி அடைகிறது என்று தேடுங்கள். மூக்கும் விலா எலும்பும் கடைசியில் வரட்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் செல் சுவாசம் தாவரச் செயலியலோடு வந்தாலும், புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது பின்பற்றும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் செரித்தல், கடத்தல் முதலியவற்றோடு சேர்ந்து வந்தாலும், இந்த வரிசை இரண்டுக்கும் பொருந்தும்.

“நுரையீரலில்தான் சுவாசம் நடக்கிறது” என்று சொல்லும் மாணவரைக் கடிந்துகொள்ளக் காரணமே இல்லை. சுவாசமும் எரிதலும் ஒரே வகை வேதிவினை என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டிய பிரெஞ்சு வேதியியல் அறிஞர் லவாய்சியரே, அந்த எரிதல் நுரையீரலில் நடப்பதாகத்தான் கருதினார். உடலின் வெப்பம் முழுவதும் நுரையீரலிலேயே வெளிப்பட்டால் அவ்வுறுப்பு அதைத் தாங்குமா என்று ஐயம் எழுப்பியவர் கணித அறிஞரான லக்ராஞ்ச். இந்த ஐயத்தை அப்படியே வகுப்பின் முன் வையுங்கள். உடல் முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதன் காரணத்தை மாணவர்களே தேடத் தொடங்குவார்கள்.

முதல் பாடவேளைக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டை (நிலக்கடலை) போதும். தோல் நீக்கிய ஒரு பருப்பைக் குண்டூசியில் குத்தி, தக்கையில் நிறுத்தி, பற்றவைத்து, 20 மில்லிலிட்டர் தண்ணீர் உள்ள சோதனைக்குழாயின் அடியில் பிடியுங்கள். தண்ணீரின் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் ஏறுவது இயல்பு. வகுப்பில் கடலை ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் ரொட்டித் துண்டைக் கொண்டு செய்யலாம். தீ அணைந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதே பருப்பைத் தின்றால் இதே ஆற்றல்தான் கிடைக்கிறது என்றால், உடல் ஏன் 37 டிகிரியிலேயே இருக்கிறது? ஒரே பாய்ச்சலில் வெளிப்படும் ஆற்றலை, செல் நொதிகளின் துணையோடு பல சிறு படிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை ஏ.டி.பி.யில் சேமித்து, எஞ்சியதை மட்டும் வெப்பமாக விடுகிறது என்ற விளக்கம் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்தால்தான் மனத்தில் பதியும். செல் சுவாசத்தின் வேதிச் சமன்பாட்டை அதற்கு முன்னால் எழுதிப்போட வேண்டாம்.

சமன்பாட்டை எழுதும்போது ஒரு தவறான எண்ணத்தை அங்கேயே களைந்துவிடுவது நல்லது. நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியே வருகிறது என்று மாணவர் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆக்சிஜன், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில், வினைத்தொடரின் கடைசிப் படியில் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிறது. கார்பன் டை ஆக்சைடு அதற்கு முந்தைய படிகளிலேயே பிரிந்துவிடுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 36 அல்லது 38 ஏ.டி.பி. கிடைக்கும் என்பது பழைய கணக்கு. இன்றைய மதிப்பீடு 30 முதல் 32 வரை. தேர்வில் பாடநூலின் எண்ணை எழுதட்டும். ஆக்சிஜன் இல்லாமல் கிடைப்பது 2 மட்டுமே என்ற வேறுபாடுதான் அவர்கள் மறக்கக் கூடாதது.

உயிருள்ள செல் வெப்பம் விடுவதைக் காட்ட முளைவிட்ட பச்சைப்பயறும் இரண்டு பிளாஸ்க்கும் வேண்டும். ஒன்றில் முளைப்பயறு, மற்றதில் வேகவைத்து ஆறவைத்த பயறு. இரண்டின் வாயையும் பஞ்சால் அடைத்து, வெப்பமானியைச் செருகி, தலைகீழாக நிறுத்திவையுங்கள். பஞ்சு வெப்பத்தைத் தடுத்துக் காற்றை விடும். தலைகீழாக இருப்பதால் காற்றைவிட அடர்த்தியான கார்பன் டை ஆக்சைடு கீழே வடிந்துவிடும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் இந்தச் சோதனை தவறிப்போக ஒரு வழி உண்டு. வேகவைத்த பயறு இரண்டாம் நாளே கெடத் தொடங்கும். கெடவைக்கும் நுண்ணுயிரிகளும் சுவாசித்து வெப்பம் விடுவதால் இரண்டு வெப்பமானிகளும் ஏறும். வேகவைத்த பயற்றை நீர்த்த பிளீச்சிங் கரைசலில் அலசிய பிறகு போட்டால் இந்தச் சிக்கல் வராது. அதையும் மீறி ஏறிவிட்டால் வாசிப்புகளைத் தூக்கி எறியாமல், அந்த வெப்பம் யாருடையது என்று மாணவர்களையே கேளுங்கள்.

காற்றில்லாச் சுவாசத்துக்கு உலர் ஈஸ்ட் எந்த பேக்கரிப் பொருள் கடையிலும் கிடைக்கும். சர்க்கரைக் கரைசலைக் கொதிக்கவைத்துக் கரைந்த ஆக்சிஜனை வெளியேற்றி, 40 டிகிரிக்கு ஆறிய பின் ஈஸ்டைக் கலந்து, மேலே சமையல் எண்ணெயை ஒரு படலமாக ஊற்றி, பாட்டிலின் வாயில் பலூனை மாட்டுங்கள். சர்க்கரை சேர்க்காத பாட்டில் ஒன்றும், கொதிக்கவைத்த ஈஸ்ட் உள்ள பாட்டில் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். இட்லி மாவை எடுத்துக்காட்டாகச் சொல்வதாக இருந்தால் ஒன்றைத் திருத்திச் சொல்லுங்கள்: மாவு பொங்குவதற்கும் புளிப்பதற்கும் முதன்மைக் காரணம் லியூகோநாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், ஈஸ்டின் பங்கு சிறிது.

அடுத்து வாயுப் பரிமாற்றம். இங்கே நான் மனித நுரையீரலுக்கு முன்னால் மீனின் செவுளை வைப்பேன். கடலூர் முதுநகர்த் துறைமுகமும் கடலோரக் குப்பங்களும் அருகிலிருக்கும் நமக்கு இதைவிடத் தெளிவான பரிமாற்றப் பரப்பு எளிதில் கிடைக்காது. நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத அமைப்பு செவுளில் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. மீன் வெட்டுபவரிடம் காலையிலேயே சொல்லிவைத்து, அன்று பிடித்த பெரிய மீன்களின் தலைகளை ஐஸில் வைத்து வாங்கிவாருங்கள். செவுள் மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டி நீக்கினால் ஒரு பக்கத்துக்கு நான்கு வளைவுகள் அடுக்காகத் தெரியும். ஒரு வளைவை வெட்டி எடுத்து, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் போடச் சொல்லுங்கள். சிவந்த இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து விரியும். உட்புறத்தில் சீப்புப் பற்களைப் போன்று வெளுப்பாக இருப்பவை இரையை வடிகட்டுபவை, அவற்றுக்கும் பரிமாற்றத்துக்கும் தொடர்பில்லை. இப்போது வளைவைத் தண்ணீரிலிருந்து மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். விரிந்திருந்த இழைகள் அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நாடாவாகிவிடும். மறுபடி நீரில் போட்டால் மறுபடி விரியும்.

இதை நாலைந்து முறை அவர்கள் கையாலேயே செய்து பார்த்த பிறகு கேளுங்கள்: ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது, நம் ஊர் வெப்பத்தில், 6 மில்லிலிட்டரைத் தாண்டாது. அப்படியிருக்க, கரைக்கு வந்த மீன் ஏன் மூச்சுமுட்டிச் சாகிறது? பரப்பளவு குறைந்துபோனதுதான் காரணம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிராது. பரிமாற்றப் பரப்பு அகன்றும், மெலிந்தும், ஈரமாகவும், இரத்த ஓட்டம் மிகுந்தும் இருக்க வேண்டும் என்ற நான்கு பண்புகளையும் அந்தத் தட்டிலிருந்தே எழுதவைக்கலாம். குப்பத்துப் பிள்ளைகள் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கும் வழக்கத்தைச் சொல்வார்கள்; அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினுடையது என்று அங்கேயே இணைத்துவிடுங்கள்.

செவுளில் நீரும் இரத்தமும் எதிரெதிர்த் திசையில் ஓடும் எதிரோட்ட முறையை மேல்நிலை மாணவர்களுக்கு மட்டும், கரும்பலகையில் எண்களோடு விளக்குங்கள். நீரில் ஆக்சிஜன் 100, இரத்தத்தில் 0 என்று வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே திசையில் ஓடினால், இரண்டும் 50ஐ அடைந்ததும் பரவல் நின்றுவிடும். எதிரெதிராக ஓடினால் வழிநெடுக நீரில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இரத்தம் 80க்கு மேலும் ஏற முடியும். வீராணம் ஏரிப் பக்கத்துப் பிள்ளைகள் விரால் மீன் உயிரோடு விற்கப்படுவதைப் பார்த்திருப்பார்கள். விராலின் தலையில் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்துவைக்கும் அறை ஒன்று உண்டு. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால் அது தண்ணீருக்குள்ளேயே இறந்துவிடும்.

செவுளைப் பார்த்த கண்ணுக்கு நுரையீரலை விளக்குவது எளிது. இறைச்சிக் கடையில் மூச்சுக்குழலோடு சேர்ந்த ஆட்டு நுரையீரலைக் கேட்டு வாங்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்துக் காட்டுங்கள். எக்காரணம் கொண்டும் வாயால் ஊதக் கூடாது. தொட விரும்பாத மாணவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. சிறு துண்டு ஒன்று நீரில் மிதப்பதைக் காட்டினால், நுரையீரல் வெற்றுப் பை என்ற எண்ணம் போய்விடும். கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் சேர்ந்து தரும் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மீட்டர். பள்ளி வராந்தாவில் சுண்ணாம்புக் கட்டியால் பத்துக்கு ஏழு மீட்டர் கட்டம் வரைந்து அதற்குள் வகுப்பையே நிற்கவையுங்கள்.

தாவரங்களைப் பொறுத்தவரை, “பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்” என்ற தவறு மிகப் பிடிவாதமானது. இருபத்து நான்கு மணி நேரமும் தாவரம் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவே. வேர்களை நினைவூட்டினால் இது விளங்கும், ஏனெனில் வேருக்குப் பகலும் இல்லை, ஒளிச்சேர்க்கையும் இல்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்துக்கு அழைத்துச் செல்ல முடிந்தால், வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்களை ஓதம் வற்றிய நேரத்தில் காட்டுங்கள். புதுச்சேரிப் பள்ளிகளுக்கு அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரமே போதும். எதையும் வெட்டவோ பிடுங்கவோ வேண்டாம். கைலென்ஸில் அந்த வேரின் மேல் சின்னஞ்சிறு பட்டைத்துளைகள் தெரியும். கண்டல் மரங்களின் வேர்களிலுள்ள பட்டைத்துளைகளைப் பசையால் அடைத்தால் சேற்றுக்குள் இருக்கும் வேரில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது என்று உடலியல் அறிஞர் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் 1955இல் காட்டினார்கள்.

இனி மூச்சுவிடுதல். பாட்டிலும் பலூனும் கொண்டு செய்யும் மாதிரி பயனுள்ளதே. ஆனால் காற்று நுழைவதால் மார்பு விரிவதில்லை. மார்பு விரிந்து உள்ளழுத்தம் குறைவதால்தான் காற்று நுழைகிறது என்பதை அதைக் கொண்டு அழுத்திச் சொல்லுங்கள். அந்த மாதிரியில் விலா எலும்புகள் நகர்வதில்லை. உதரவிதானம் இயல்பில் மேல்நோக்கி வளைந்து, மூச்சை இழுக்கும்போது தட்டையாகிறதேயன்றி, மாதிரியின் அடியிலுள்ள ரப்பர் படலத்தைப் போலக் கீழே தொங்குவதில்லை. இந்தக் குறைகளை மாணவர்களே கண்டுபிடித்து எழுதுவது நல்ல வீட்டுப்பாடம்.

சுண்ணாம்பு நீருக்கு வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பே போதும். நிறைய நீரில் கரைத்து, மூடி, ஓரிரவு தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொல்லி, மற்றொன்றில் பம்பால் வெளிக்காற்றைச் செலுத்துங்கள். கண்ணில் தெறிக்காமலும், யாரும் உறிஞ்சிவிடாமலும் பக்கத்தில் நில்லுங்கள். சாதாரணக் காற்றிலும் 0.04 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு இருப்பதால் அதுவும் மிக மெதுவாகக் கலங்கும். வெளிமூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு இருப்பதால் சில மூச்சுகளிலேயே பால்போலாகிவிடும். ஆர்வத்தில் தொடர்ந்து ஊதுகிற மாணவருக்கு அது மறுபடி தெளிவது தெரியும். கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறியதே அதற்குக் காரணம். வெளிமூச்சில் இன்னும் 16 விழுக்காடு ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது என்பதையும், வாயோடு வாய் வைத்துச் செய்யும் முதலுதவி பலிப்பது அதனால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓடிவந்த பின் மூச்சு எண்ணிக்கை கூடுவதை அளக்கும்போது, நம்மை மூச்சுவிடத் தூண்டுவது முதன்மையாகக் கார்பன் டை ஆக்சைடின் மிகுதிதான் என்பதை விளக்கத் தவறாதீர்கள். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் கடலில் முங்கி விளையாடும் பிள்ளைகளுக்கு இது உயிர் காக்கும் செய்தி. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் ஆக்சிஜன் இருப்பு பெரிதாகக் கூடுவதில்லை; கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைந்துவிடுகிறது. அதனால் மேலே வரத் தூண்டும் உணர்வு எழுவதற்கு முன்னரே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடலாம். இதை வகுப்பில் செய்து பார்க்க விடாதீர்கள். சொல்லி, எழுதவைத்து, மறுவாரம் மறுபடியும் கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கு நான் பரிந்துரைக்கும் வினா ஒன்று: “ஐப்பசி மழையில் கெடிலம் கரைபுரண்டு வயல்களில் நாட்கணக்கில் நீர் நின்றது. மல்லாட்டைச் செடிகள் நீரில் நின்றபடியே வாடின, நெற்பயிர் வாடவில்லை. ஏன்?” நீர் நிரம்பிய மண்ணில் வேர்ச் செல்களுக்கு ஆக்சிஜன் எட்டவில்லை என்பதற்கு ஒரு மதிப்பெண்; காற்றில்லாச் சுவாசத்தில் கிடைக்கும் ஏ.டி.பி. மிகக் குறைவு என்பதற்கு ஒன்று; ஆற்றலின்றி வேரால் உப்புகளையும் நீரையும் உரிய அளவில் உறிஞ்ச முடியாததால் இலை வாடுகிறது என்பதற்கு ஒன்று; நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைத் திசு மேலிருந்து ஆக்சிஜனை இறக்கித்தருகிறது என்பதற்கு ஒன்று. “செடிக்கு மூச்சுத் திணறியது” என்று மட்டும் எழுதியிருந்தால் மதிப்பெண் தராமல், எந்தச் செல்லுக்கு எது கிடைக்கவில்லை என்று விடைத்தாளின் ஓரத்திலேயே கேட்டு எழுதித் திருப்பிக் கொடுங்கள்.