முதுகுப்பையா, சக்கரப் பெட்டியா? பழுதுபார்ப்பவன் சொல்லும் கணக்கு

பெட்டிகளையும் பைகளையும் பழுதுபார்ப்பது என் தொழில். வெளிநாடு புறப்படும் முன் என்னிடம் யோசனை கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பிராண்டின் பெயரை எதிர்பார்த்து வருவார்கள். நான் பெயரைச் சொல்வதில்லை, பதிலுக்குக் கேள்விதான் கேட்பேன்: கடைசி வண்டியிலிருந்து இறங்கும் இடத்துக்கும் உங்கள் அறைக் கதவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

விமான நிலையத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அங்கே தரை வழவழவென்று இருக்கும், எந்தச் சக்கரமும் ஓடும். கடைக்காரர் ஒற்றை விரலால் பெட்டியைத் தள்ளிக் காட்டுவதும் அப்படிப்பட்ட தரையில்தான். சக்கரப் பெட்டி பிறந்த கதையே அதுதானே! பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் 1970இல் அதைக் கண்டுபிடித்து 1972இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் இழுக்கும், இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் உள்ள நிமிர்ந்த பெட்டியை 1987இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத். அவர் ஒரு விமானி. விமான நிலையத்தில் வேலை செய்பவர் விமான நிலையத் தரைக்காகச் செய்த பெட்டி அது. வெனிஸின் பாலங்களை அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குப் படிகள் உண்டு. லிஸ்பனில் நடைபாதை முழுவதும் சிறு சிறு சுண்ணாம்புக் கற்கள், அதுவும் மேட்டில். ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளில் மாடிப்படி ஏணிக்குத் தங்கை. பாரிஸ் மெட்ரோவின் பழைய வழித்தடங்களில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்கில், கல் பாவிய பழைய நகரில் சக்கரச் சத்தம் பொறுக்காமல், பெட்டியை உருட்டாமல் தூக்கிச் செல்லுங்கள் என்று 2023இல் சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். இந்த மாதிரி ஊர்களுக்கு, அதிலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாறும் பயணத்துக்கு, முதுகுப்பையே சரி. ஒரே நகரத்தில் ஒரே விடுதி, வாசல் வரை டாக்சி என்றால் யோசிக்கவே வேண்டாம், சக்கரப் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். முதுகில் சுமப்பதால் யாருக்கும் பதக்கம் தரப்போவதில்லை.

விடுதிக்கு முன்கூட்டியே எழுதி இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: அறை எந்த மாடியில், லிஃப்ட் உண்டா? ஐரோப்பாவின் பல நாடுகளில் தரைத்தளத்தை மாடிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாம் மாடி என்றால் மூன்று மாடி ஏற வேண்டும். அங்கே போகும் தெருவை இணைய வரைபடத்தின் படங்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். கல் பாவிய தெருவா, தார்ச்சாலையா, நடுவில் படிக்கட்டு வருகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது எடை. ஆசியாவின் பல விமான நிறுவனங்கள் சிக்கன வகுப்பில் கேபினுக்குள் 7 கிலோதான் அனுமதிக்கின்றன. கெட்டியான சக்கரப் பெட்டி காலியாகவே மூன்று கிலோவை நெருங்கும். மிஞ்சுவது நான்கு கிலோ. 40 லிட்டர் முதுகுப்பை ஒன்று, ஒன்றரைக் கிலோவில் கிடைக்கும். ஐந்தரைக் கிலோவுக்குப் பொருள் வைக்கலாம். அளவிலும் இதே கதைதான். 55 × 40 × 20 சென்டிமீட்டர் என்று விதி இருந்தால், சக்கரமும் கைப்பிடியும் அதற்குள் அடங்க வேண்டும். கைப்பிடிக் கம்பிகள் பெட்டியின் உட்புறத்தில் இறங்கி அடியில் மேடு கட்டும். அந்த இடமும் போயிற்று. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பொதுவாகக் கைப்பெட்டிக்கு எடை வரம்பு வைப்பதில்லை, அளவை மட்டுமே பார்க்கின்றன. அங்கே இந்தக் கணக்கு தேவையில்லை. இன்னொன்று: முதுகில் ஒட்டியிருக்கும் பையைவிட உருண்டு வரும் பெட்டிதான் ஊழியரின் கண்ணில் முதலில் படும். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

சில பயணங்களில் முடிவெடுக்கும் உரிமையே நமக்கு இல்லை. கென்யா, தான்சானியா வனப்பகுதிகளுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் மென்மையான பை மட்டும்தான் ஏறும். வழக்கமான வரம்பு கைப்பையையும் சேர்த்து 15 கிலோ. கெட்டிச் சட்டகமும் சக்கரமும் உள்ள பெட்டி அந்தச் சிறிய சரக்கறைக்குள் நுழையாது. பெரு நாட்டின் மாச்சு பிச்சுவுக்குள் 40 × 35 × 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட முதுகுப்பைக்கு அனுமதி இல்லை, ஆகவே பெரிய பையைக் கீழே விட்டுச் செல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் செல்லும் ஷின்கன்சென் அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், சாமான் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். 250ஐத் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். ஆனால் ஜப்பானில் அழகான ஒரு வழி உண்டு: பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு அனுப்பிவைக்கும் தக்கியூபின் சேவை. பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். பெரிய பெட்டியை அனுப்பிவிட்டு, ஒரு சிறு பையோடு ரயிலேறலாம்.

முதுகுப்பை என்று முடிவானால் உங்கள் உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு முள்ளெலும்பு துருத்தும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் கைகளை வைத்தால் முதுகில் வரும் கோடு வரை அளக்க வேண்டும். அதுதான் பையின் அளவைத் தீர்மானிக்கும் நீளம். இடுப்புப் பட்டை அந்த எலும்பின் மேல் உட்கார வேண்டும். சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது தோளல்ல, இடுப்பு. முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி, பிறகு தோள் பட்டையை இழுத்துச் சரிசெய்யுங்கள். இடுப்புப் பட்டை தொந்தரவாக இருக்கிறது, வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வருபவர்கள் உண்டு. காசு கொடுத்தாலும் அந்த வேலையை நான் செய்வதில்லை. கனமானவற்றை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். மேலிருந்து மட்டும் திறக்கும் மலையேற்றப் பையை மலையேறுபவர்களுக்கே விட்டுவிட்டு, பெட்டிபோல முழுவதும் விரியும் பையாகப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு காலுறைக்காக மொத்தத்தையும் கொட்ட வேண்டியிருக்கும்.

இனி என் மேசைக்கு எது வருகிறது என்று சொல்கிறேன். நான்கு சக்கரப் பெட்டிகளின் சக்கரங்கள்தான் அதிகம். அவை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எறியும்போது முதல் அடி அவற்றுக்குத்தான். ரயில் வளைவில் திரும்பினால் பெட்டி தன் பாட்டுக்குக் கிளம்பிப் போகும் குணமும் அவற்றுக்கு உண்டு. கரடுமுரடான தெருவுக்கு, உடம்புக்குள் பாதி புதைந்த இரண்டு பெரிய சக்கரங்கள் உள்ள பெட்டியே நல்லது. வாங்கும்போது உள்துணியைத் திறந்து பாருங்கள்: சக்கரம் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால் மாற்றுவது எளிது. கைப்பிடியை முழுவதும் இழுத்து ஆட்டுங்கள். அதிகம் ஆடினால் சீக்கிரமே சிக்கும். கெட்டி ஓட்டில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அடிபட்டால் வளைந்து மீளும். மலிவான ஏபிஎஸ் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஜிப் 8 அல்லது 10ஆம் அளவு இருக்கட்டும், எண் பெரிதானால் பல்லும் பெரிது. பூட்டு போட்டிருக்கிறோமே என்ற நிம்மதி மட்டும் வேண்டாம். சாதாரண ஜிப்பைப் பேனா முனையால் பிளந்து, மறுபடி மூடிவிடவும் முடியும்.

முதுகுப்பையில் முதலில் பார்க்க வேண்டியது: தோள் பட்டை பையோடு சேரும் தையல். அங்கே நெருக்கமான குறுக்குத் தையல் இல்லையென்றால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். செக்-இன் செய்வதானால் பட்டைகளை உள்ளே மடித்து மூடும் வசதி வேண்டும்; தொங்கும் பட்டை கன்வேயரில் மாட்டிக் கிழிந்து வரும்.

முதுகுப்பைக்கே சக்கரம் வைத்த கலப்பினம் ஒன்று விற்கிறார்கள். பெட்டியின் எடையும் பையின் வடிவமும் சேர்ந்த அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பேட்டரி பொருத்திய பெட்டியானால் பேட்டரி கழற்றக்கூடியதா என்று பாருங்கள். செக்-இன் செய்யும்போது அதைக் கழற்றிக் கையில் எடுத்துச்செல்ல வேண்டும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு கை எப்போதும் காலியாக வேண்டும், ஆகவே முதுகுப்பை. முதுகுத்தண்டிலோ தோளிலோ வலி உள்ளவர்களுக்குச் சக்கரம், ஆனால் சிறிய பெட்டியாக. படியில் தூக்கும்போது வலி திரும்பிவிடும்.

எதை வாங்கினாலும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே முழுவதும் அடுக்குங்கள். பெட்டியானால் கீழே வைக்காமல் இரண்டு மாடி தூக்கி ஏறுங்கள். பையானால் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் வெளியே நடங்கள். முடியவில்லை என்றால் பெட்டியை மாற்றாதீர்கள், உள்ளிருப்பதை எடுங்கள். முதலில் இரண்டாவது ஜோடிக் காலணியை. சக்கரமோ ஜிப்போ தகராறு செய்தால் அந்த வாரத்திலேயே கொண்டுவாருங்கள். சரியான அளவுச் சக்கரம் தேடிக் கிடைக்க நாளாகும், விமானத்துக்கு முந்தைய மாலை வந்து நிற்பவருக்கு என்னால் கயிறு மட்டும்தான் தர முடியும்.